முந்நூற்று நாற்பது மில்லி

விடுப்பு விண்ணப்பத்தில் உண்மையான காரணத்தை எழுதிய ஒரே ஒரு ஆளைத்தான் என் முப்பத்து நான்கு வருடப் பணியில் பார்த்திருக்கிறேன். எனக்கு ரத்தக்கொதிப்பு எதனால் வந்தது என்று டாக்டரைக் கேட்டால் பரம்பரை என்கிறார். பரம்பரை இல்லை. அந்த அம்மாள்தான்.

அரியலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர், பேச்சில் சூப்ரெண்டு. அவர் வேதியியல் துறைத் தலைவர். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரையைச் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்புவார்.

தற்செயல் விடுப்புக்கு 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும். கல்யாணம், கருமாதி, கடலை பிடுங்குவது, சும்மா படுத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்காகத்தான் முன்னோர் அந்தச் சொல்லையே கண்டுபிடித்தார்கள். இவர் எழுதியிருந்தது: "நேற்று சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் வந்தேன். இன்றும் அப்படி வர மனமில்லை."

"மேடம், இதை நான் எப்படி பிரின்சிபாலுக்கு வைக்கிறது?"

"ஏன் சார், எழுத்து புரியலையா?"

"சொந்த வேலைன்னு எழுதிக் குடுங்க மேடம்."

"எனக்கு நேத்து ஒரு வேலையும் இல்லையே சார். சும்மா வூட்ல உக்காந்திருந்தேன்."

அந்த விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்து மேலே வேறொரு தாளை ஒட்டினேன். அவர் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, என்ன பசை போட்டேன், மைதாவா வஜ்ரமா என்று கேட்டார்.

அதுதான் அவருடைய வியாதி. எங்கே எது எதோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கால் நகராது. மழையில் நனைந்த கண்ணாடித் தகடுகள் இரண்டு ஒட்டிப் பிரியாமல் இருந்தால், நாங்கள் உடைந்த பொருள் பட்டியலில் சேர்க்கப் பார்ப்போம். அவர் அவற்றைத் தண்ணீரில் முக்கிப் பக்கவாட்டில் நகர்த்திப் பிரித்து எடுப்பார். "சும்மா ஒட்டாது சார். ஒண்ண ஒண்ணு புடிச்சிருக்கும். எது எதைப் புடிச்சிருக்குன்னு பாக்கணும்" என்பார். காபி குடித்து முடித்தால் டம்ளரை உடனே கீழே வைக்க மாட்டார். கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் முப்பது எண்ணுவார். அடியில் இருந்தது விளிம்புக்கு வந்து திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கும். "பாத்தீங்களா, டம்ளர் விட மாட்டேங்குது" என்பார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, இருபத்தைந்து பேருக்குத் தலைவர், கேன்டீனில் எல்லோரும் பார்க்க!

ஒருநாள் ஊதியப் பட்டியலில் கையெழுத்துப் போட வந்தார். என் மேசையில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. "இதுல இன்னும் எத்தனை குண்டூசி கொள்ளும் சொல்லுங்க?" என்றார். விளிம்பு வரை இருக்கிறதே, ஒன்றுகூடக் கொள்ளாது என்றேன். அவர் என் குண்டூசி டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே விட ஆரம்பித்தார். பத்து, இருபது. எழுத்தர்கள் எழுந்து வந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாள் வந்தார். நாற்பது, ஐம்பது. தண்ணீர் விளிம்புக்கு மேலே தொப்பை போட்டு நின்றதே தவிர வழியவில்லை. டப்பா காலியாயிற்று.

"தண்ணிய யாரு சார் புடிச்சு வச்சிருக்கா?"

"தெரியல மேடம்."

"தண்ணியேதான். ஒரு துளி இன்னொரு துளிய இழுத்துப் புடிச்சிருக்கு. துளிகூட இல்ல, அதுக்குள்ள இருக்கற மூலக்கூறு."

"ரொம்ப நல்லது. கையெழுத்து?"

அன்று ஊதியப் பட்டியல் கருவூலத்துக்குப் போகவில்லை. குண்டூசிகளைச் செய்தித்தாளில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். பாதி துருப்பிடித்துவிட்டது.

இன்னொரு தடவை, கூரையில் பல்லி எப்படித் தலைகீழாக நிற்கிறது என்று எங்கள் எழுத்தர் கிண்டலுக்குக் கேட்டுவைத்தார். இதற்காவது ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவார் என்று பார்த்தால், "எனக்குத் தெரியாது, படிச்சுட்டு வரேன்" என்று போனார். சில வருடங்கள் ஆயின. கேட்ட எழுத்தர் மாற்றலாகி ஜெயங்கொண்டம் போய்விட்டார். ஒரு மார்ச் மாதம், ஆண்டு இறுதிக் கணக்கில் நாங்கள் தலை நிமிராமல் இருக்கும்போது, அந்த அம்மாள் வாசலில் வந்து நின்று மூச்சிரைக்கச் சொன்னார்: "சார், பல்லி விஷயம் தெரிஞ்சுடுச்சு!"

அவரிடம் 'ஏறக்குறைய' என்று யாரும் சொல்ல முடியாது. "ஏறுதா குறையுதா, ஒண்ணு சொல்லுங்க" என்பார். நானோ ஏறக்குறைய என்ற சொல்லை வைத்து முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவன். எனவே எங்களுக்குள் என்றைக்காவது பெரிதாக வெடிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வெடித்தது.

அப்போது அரியலூர் தனி மாவட்டமாக இருந்தது. பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், பிறகு சேர்த்தார்கள், பிறகு மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ரப்பர் ஸ்டாம்பு மாற்றியவன் நான். அந்த முதல் பிரிவின்போது நடந்தது இது.

சோதனைக்கூடத்துக்கு வாங்கும் ஸ்பிரிட், சட்டத்தின் கண்ணில் சாராயம். மதுவிலக்குத் துறையின் அனுமதி வேண்டும். தனிப் பதிவேடு வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மீதி என்று மில்லி கணக்கில் எழுத வேண்டும். இந்த ஸ்பிரிட்டைப் பார்த்துக்கொண்டவர் செல்லமுத்து என்ற சோதனைக்கூட உதவியாளர். செந்துறைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் செட்டிகுளம் மலைமேல் முருகன் சந்நிதியில் மனைவியை வைத்துக்கொண்டு கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். "மலை எறங்குற வரைக்குமாவது தாங்குச்சா செல்லமுத்து?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் கல்லூரியில் இல்லை. அவரும் சேர்ந்து சிரிப்பார். வேறென்ன செய்வார்?

அந்த அம்மாள் வேறொரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்த வாரத்தில், செல்லமுத்து எங்கள் தேர்வுக்காகப் பெரிய கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஸ்பிரிட் எடுத்து, வேறொரு கேனில் ஐந்து லிட்டர் தண்ணீரோடு கலந்தார். அந்தக் கேனை இறுக மூடி, மேலே மெழுகு ஊற்றி சீல் வைத்தார். பதிவேட்டில் 'கலந்த ஸ்பிரிட் பத்து லிட்டர்' என்று எழுதினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வருடத்துக்கு ஒரு தடவை இருப்புச் சரிபார்க்க வேறு துறைக்காரர் வர வேண்டும் என்பது விதி. அந்த வருடம் வரலாற்றுத் துறை விரிவுரையாளர் ஒருவர் வந்தார். மற்றவர்கள் கேனைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் சீலை உடைத்து, ஐந்நூறு மில்லி ஜாடியில் ஊற்றி ஊற்றி அளந்தார். ஒவ்வொரு தடவையும் ஜாடியைத் தன் துண்டால் துடைத்து அளந்தார். ஒன்பது லிட்டர் அறுநூற்று அறுபது மில்லி இருந்தது. குறைவு முந்நூற்று நாற்பது.

"ஒரு ஆஃப் பாட்டிலுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார் எங்கள் எழுத்தர். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

செல்லமுத்து என் மேசை முன்னால் வந்து நின்றார். "சார், முருகன் மேல ஆணையா நான் மோந்துகூட பாக்கல சார். பொண்ணுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். மாப்ள வூட்டுக்காரங்க டீக்கடைல எல்லாம் விசாரிச்சுக்கிட்டிருக்காங்க. இப்ப இந்தப் பேரு வந்தா..."

"சரி, போங்க. பாத்துக்கலாம்" என்றேன்.

பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆவியாகும் பொருள்களுக்கு ஒரு சிறு சதவீதம் குறைவை அனுமதிக்கலாம் என்று விதி இருக்கிறது. குறிப்புத் தாளில் எழுதினேன்: 'ஆவியாதலால் ஏற்பட்ட இழப்பு, கழிக்கலாம்.' நான்கே சொல். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால், பிரின்சிபால் போட்டால், கோப்பு மூடப்படும். செல்லமுத்து பிழைத்துப் போவார். இப்படி எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்த அம்மாள் வந்தார். குறிப்பைப் படித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து என் நான்கு சொற்களின் மேலும் ஒரே கோடாக இழுத்தார்.

"ஆவியாகலையே சார்."

"ஆச்சுன்னு வைங்க மேடம்."

"வைக்க முடியாது. மூடி மேல மெழுகு இருந்திருக்கு. எந்த வழியா ஆவியாகும்?"

"அப்ப குடிச்சுட்டான்னு எழுதட்டுமா?"

"குடிக்கல. எதுவுமே எங்கயும் போகல. அஞ்சும் அஞ்சும் பத்துன்னு எழுதினதுதான் தப்பு."

என் பணிக்காலத்தில் தணிக்கைக்காரர்கள் எதற்கெல்லாமோ ஆட்சேபணை எழுப்பியிருக்கிறார்கள். அஞ்சும் அஞ்சும் பத்து என்பதற்கு யாரும் எழுப்பியதில்லை.

"ஸ்பிரிட்டும் தண்ணியும் சேர்ந்தா ஒண்ண ஒண்ணு இழுத்துக்கும் சார். நெருங்கி உக்காந்துக்கும். இடம் கம்மியா ஆகும். பஸ்ல தெரிஞ்சவங்க ரெண்டு பேரு ஏறினா ஒரே சீட்ல ஒட்டி உக்காரலையா, அந்த மாதிரி."

"மேடம், இதை எந்த விதியில எழுதுறது?"

"விதிதான் சார் இது."

பிரின்சிபாலுக்கு நான்கு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். படம் போட்டிருந்தார். பிரின்சிபால் ஒரு பக்கம் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சூப்ரெண்டு, இத வெளிய போகாம முடிங்கன்னா, இந்தம்மா பாடம் நடத்துறாங்க. ஆவின்னு எழுதச் சொல்லுங்க. இல்லன்னா மதுவிலக்குக்காரங்களுக்கு எழுதித்தான் ஆகணும். அப்புறம் செல்லமுத்துக்குப் பதினேழு பி."

பதினேழு பி என்றால் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வேலையே போகலாம். அதையும் தட்டச்சு செய்து மேசையில் தயாராக வைத்திருந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு.

கடைசியில் செல்லமுத்துவே போய் அந்த அம்மாள் முன்னால் கைகட்டி நின்றார். நானும் உடன் போயிருந்தேன், சாட்சிக்கு.

"அம்மா, ஆவின்னே எழுதிடுங்கம்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நீ நெனச்சுக்க மாட்ட. மாப்ள வூட்டுக்காரங்க?"

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "கழிக்கலாம்னா என்ன சார் அர்த்தம்? போனது போகட்டும், மன்னிச்சுட்டோம்னுதானே? போகாததுக்கு எதுக்கு இவருக்கு மன்னிப்பு?"

அந்த நிமிடம் அவரை நான் உண்மையாகவே வெறுத்தேன். ஒரு மனிதனின் சோற்றை வைத்துக்கொண்டு மூலக்கூறு பேசுகிறாரே என்று நினைத்தேன். செல்லமுத்து குடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பழகிய வாய். முந்நூற்று நாற்பது மில்லிதானே, போகட்டும் என்பது என் பெருந்தன்மை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. மதுவிலக்குத் துறைக்குக் கடிதம் போயிற்று. ஒரு வாரத்தில் ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

வேதியியல் சோதனைக்கூடத்தில் விசாரணை. ஆய்வாளர், பிரின்சிபால், வரலாற்று விரிவுரையாளர், நான், சுவரோரமாகச் செல்லமுத்து. ஆய்வாளருக்கு அவசரம். ஜெயங்கொண்டத்தில் வேறொரு வழக்கு இருந்தது. "சொல்லுங்கம்மா, சுருக்கமா" என்றார்.

அந்த அம்மாள் சொல்லவில்லை. ஒரு நூறு மில்லி அளவு ஜாடியை மேசையில் வைத்தார். வரலாற்று விரிவுரையாளரைக் கூப்பிட்டு, "நீங்களே ஊத்துங்க, அப்புறம் நான் ஏதோ பண்ணிட்டேன்னு வேணாம்" என்றார். விரிவுரையாளர் ஐம்பது மில்லி ஸ்பிரிட் அளந்து ஊற்றினார். அப்புறம் ஐம்பது மில்லி தண்ணீர். இவர் ஒரு கண்ணாடிக் குச்சியால் கலக்கினார்.

"தொட்டுப் பாருங்க சார்."

ஆய்வாளர் ஜாடியைத் தொட்டார். "சுடுதே!"

"அடுப்பு எதுவும் வைக்கல. ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிக்கறப்ப வர்ற சூடு."

"சோளத்துல எள்ளக் கொட்டுனா இடுக்குல எறங்கிடுமே, அது மாதிரிதானம்மா?"

"பாதி சரி. எள்ளு சோளத்த இழுக்காது. கொட்டினா சூடும் ஆகாது. இது இழுக்குது."

"சரி, எவ்வளவு இருக்கு, படிங்க."

"இப்பப் படிக்கக் கூடாது. சூட்ல கொஞ்சம் விரிஞ்சிருக்கும். ஆறணும்."

"எவ்ளோ நேரம்?"

"அரை மணி நேரம்."

ஒரு மதுவிலக்கு ஆய்வாளரை, ஒரு பிரின்சிபாலை, ஒரு கண்காணிப்பாளரை ஒரு ஜாடி ஆறுவதற்காக அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார வைத்தவர் தமிழ்நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மின்விசிறி சுற்றியது. பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இடையில் ஆய்வாளர் ஒரு தடவை ஜாடியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். "கை சூடு ஏறிடும், தொடாதீங்க" என்று அந்த அம்மாள் அதட்டினார். அவரும் கையை இழுத்துக்கொண்டார்.

ஆறிய பிறகு, வரலாற்று விரிவுரையாளரைக் குனியச் சொல்லி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்கச் சொன்னார்.

"தொண்ணூத்தேழு மேடம்." அவர் குரலில் சுரத்தே இல்லை. "மூணு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு, நெருங்கி. நூறுக்கு மூணு. பத்து லிட்டருக்கு முந்நூறு மில்லி."

செல்லமுத்து சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். பிரின்சிபால் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஆய்வாளர் குறிப்பேட்டை மூடி எழுந்தார். "போதும்மா. புரிஞ்சுடுச்சு. முடிச்சுக்கலாம்" என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"உக்காருங்க சார். முடியல" என்றார் அந்த அம்மாள். "குறைவு முந்நூத்து நாப்பது. இதுல முந்நூறுக்குத்தான் காரணம் கெடச்சிருக்கு. இன்னும் நாப்பது மில்லி இருக்கு."

செல்லமுத்துவின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது.

"மேடம்!" என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "நாப்பது மில்லி! ஒரு டம்ளர் அடில ஒட்டற அளவு! அதான் அவரே போதும்னு சொல்றாரில்ல?"

ஆய்வாளர்கூடக் கெஞ்சினார். "நாப்பது போனா போகட்டும்மா. நாங்க அதெல்லாம் பாக்க மாட்டோம்."

"நீங்க விட்டுடுவீங்க சார். நாப்பது மில்லி குடிச்சான், பாவம்னு விட்டுட்டாங்கன்னு செந்துறைல பேசுவாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சொன்னீங்க? ஒட்டற அளவா?"

செல்லமுத்துவைக் கூப்பிட்டார். "அன்னிக்கு எதுல அளந்த?"

"ஐநூறு மில்லி ஜாடிலம்மா. ஸ்பிரிட் பத்து தடவ, தண்ணி பத்து தடவ."

"இப்ப அதே மாதிரி ஒரு தடவ ஊத்து. அதே வேகத்துல."

செல்லமுத்து ஜாடியை ஐந்நூறு வரை நிரப்பி, ஒரே கவிழ்ப்பில் வேறு பாத்திரத்தில் கொட்டினார். அந்த அம்மாள் காலி ஜாடியை வாங்கி, ஒரு சின்ன அளவுக் குழாயின் மேல் கவிழ்த்துப் பிடித்து எண்ண ஆரம்பித்தார். இந்தத் தடவை சத்தமாக. ஒன்று, இரண்டு. ஜாடியின் சுவரில் படிந்திருந்தது மெல்ல இறங்கி, விளிம்பில் திரண்டு, சொட்டியது. முப்பது வந்தும் நிறுத்தவில்லை. சொட்டுவது நின்றபோது குழாயில் இரண்டு மில்லி இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு மில்லி ஜாடியப் புடிச்சுக்கிட்டு நின்னுடுது. அது மேலயே அடுத்த அளவ ஊத்திருக்கார். இருபது தடவை. நாப்பது மில்லி அந்தக் கேனுக்குள்ள போகவே இல்ல."

"அப்ப எங்க இருக்கு?" என்றார் ஆய்வாளர். அவருக்கு ஜெயங்கொண்டம் மறந்துபோயிருந்தது.

"இருபது தண்ணி. அதை விடுங்க. இருபது ஸ்பிரிட் பெரிய கேன்லதான் இருக்கணும், எடுக்கவே இல்லையே." வரலாற்று விரிவுரையாளரிடம் திரும்பினார். "சார், பெரிய கேனையும் அளந்தீங்களா?"

விரிவுரையாளர் தன் நோட்டைப் புரட்டினார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "அளந்தேன் மேடம். பதிவேட்ல இருக்கறத விட இருபது மில்லி அதிகம் இருந்துது."

"அதை ஏன் அறிக்கையில எழுதல?"

"அதிகமாத்தானே இருக்கு, பரவால்லன்னு... படிவத்துல குறைவுக்குத்தான் கட்டம் இருக்கு மேடம்."

அது நான் அச்சடித்த படிவம்.

ஆய்வாளர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். செல்லமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோளைத் தட்டவோ ஆறுதல் சொல்லவோ அந்த அம்மாள் போகவில்லை. "எந்திரி. அந்த ஜாடிய வடிய விட்டு ஊத்தணும்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்?" என்று திட்டினார்.

அன்று மாலை இறுதிக் குறிப்பு எழுதினேன். கை பழக்கத்தில் 'இழப்பைக் கழிக்கலாம்' என்று எழுதிவிட்டேன். சிவப்புக் கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்தில்: 'இழப்பு இல்லை.' அதை நான் சுத்தமாகத் தட்டச்சு செய்தேன். ஆய்வாளர் ஒப்பமிட்டார், பிரின்சிபால் ஒப்பமிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் செல்லமுத்து அதில் ஒரு பிரதி கேட்டார். அலுவலக உள்குறிப்பின் பிரதியைப் பணியாளருக்குத் தரக் கூடாது. விதி எண்ணே எனக்கு மனப்பாடம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்றார். ஜெராக்ஸ் எடுத்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி, அரியலூர் மாவட்டம் என்ற புது ஸ்டாம்பும் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் தெரிந்தே மீறிய விதி அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் செந்துறையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். மாவட்டம் அதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டது. என் ஸ்டாம்பு செல்லாக்காசு ஆகியிருந்தது. நானும் அந்த அம்மாளும் ஒரே பஸ்ஸில் போனோம். செல்லமுத்து வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தக் காகிதம் தொங்கியது.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் செல்லமுத்து சம்பந்தியை அழைத்துக்கொண்டு பந்திக்கு வந்தார். அவரிடம் மேடத்தை, "எங்க கெமிஸ்ட்ரி அம்மா" என்றார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"இவருதாங்க எங்க சூப்ரெண்டு சார். அந்தப் பழி வந்தப்ப என்னக் காப்பாத்துனவரு. அங்க தொங்குதே, அதுல இருக்கறது சாரு கையெழுத்துதான்."

சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஓரக்கண்ணால் பக்கத்து இலையைப் பார்த்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் பொய் பொறுக்காதவர். நாற்பது மில்லியை விடாதவர். இப்போது வாயைத் திறப்பார், மானம் போகும் என்று காத்திருந்தேன். அவர் பாயச டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. சம்பந்தி வேறு பந்திக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு எரிச்சல். அவர் திருத்தாமல் விட்டதில்தான் எரிச்சல்.

"செல்லமுத்து சொன்னது தப்புன்னு உங்களுக்குத் தெரியும். நான் ஆவின்னு எழுதினவன். ஏன் மேடம் சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.

"முப்பது எண்ணினேன் சார். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அரியலூர் வரும்வரை நான் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, என் நேர்மையைப் பற்றி ஏழு பேர் பேசினார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்ன எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

எனவே, அன்று பந்தியில் செய்திருக்க வேண்டிய திருத்தத்தை இங்கே செய்கிறேன். செல்லமுத்துவைக் காப்பாற்றியது நான் இல்லை. அவர் குடித்தார் என்று கடைசி நாற்பது மில்லி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்த ஆள் நான்.

எழுதிவிட்டேன் மேடம். முப்பதுக்கு மேல் ஆகிவிட்டதுதான். ஏறக்குறைய என்று சொல்ல மாட்டேன்.